தானாகத் திறக்கும் பக்கம்

ஒரு சமையல் புத்தகம் எவ்வளவு புழங்கியிருக்கிறது என்று அறிய எளிய வழி உண்டு. அதன் முதுகை உள்ளங்கையில் நிறுத்தி, இரண்டு அட்டைகளையும் விட்டுவிட வேண்டும். எந்தப் பக்கத்தை அதிகம் பிரித்தார்களோ அந்தப் பக்கத்தில் புத்தகம் தானாகத் திறந்துகொள்ளும். எங்கள் வீட்டு ‘சமைத்துப் பார்’ மைசூர்பாகில் திறக்கும். அந்தத் தாளில் நெய் ஊறி, பின்பக்கத்து எழுத்து முன்பக்கத்தில் தெரியும். சாம்பார், ரசம், கூட்டு என்று அன்றாடம் அடுப்பேறும் எதற்காகவும் அந்தப் புத்தகத்தை யாரும் பிரித்ததில்லை. அந்தப் பக்கங்கள் இன்றைக்கும் ஓரம் மழுங்காமல் இருக்கின்றன.

ராசிபுரத்துப் பக்கம் பிறந்து சேலத்தில் குடியிருக்கிற நான், இருபது ஆண்டுகளுக்கு மேலாகச் சமையல் புத்தகம் சேர்த்துவருகிறேன். பழைய பேப்பர் கடையில் எடைக்கு வந்தவை, பேருந்து நிலையக் கடைகளில் கயிற்றில் தொங்கிய மெலிந்த புத்தகங்கள், புத்தகத் திருவிழாவில் வாங்கிய வழுவழுப்பான படப் புத்தகங்கள், பெண்கள் இதழ்களோடு வந்த இணைப்புகளைச் சேர்த்துத் தைத்த கட்டுகள். அலமாரி நிறைந்தபோது ஒரு கேள்வி வந்தது. இவற்றிலிருந்து யார் சமைத்தார்கள்? உறவு வீடுகளுக்கும் நட்பு வீடுகளுக்கும் போகும்போதெல்லாம், இருக்கிற சமையல் புத்தகத்தைக் கேட்டு வாங்கி உள்ளங்கையில் நிறுத்திப் பார்க்கத் தொடங்கினேன். சேலம், நாமக்கல், திருச்செங்கோடு, ஆத்தூர் என்று எங்கே பார்த்தாலும் திறந்த பக்கங்கள் ஒரே மாதிரி இருந்தன. தீபாவளிப் பலகாரம், ஊறுகாய், கேக், கோபி மஞ்சூரியன், குருமா. களியிலோ கொள்ளுப் பருப்பிலோ திறந்த புத்தகத்தை நான் பார்க்கவே இல்லை. பல புத்தகங்களில் அவை அச்சாகியிருக்கவும் இல்லை.

இதன் காரணம் தமிழில் சமையல் நூல் பிறந்த விதத்திலேயே இருக்கிறது.

சமையலை எழுதிவைக்கும் வழக்கம் முதலில் அரண்மனைக்கு உரியதாக இருந்தது. தஞ்சையை ஆண்ட இரண்டாம் சரபோஜியின் பெயரால் ‘சரபேந்திர பாகசாஸ்திரம்’ என்ற மராத்திச் சுவடி உண்டு. சரஸ்வதி மகால் நூலகம் அதை அச்சிட்டது. அரசன் உண்டதைப் பதிவு செய்வது அரண்மனைப் பெருமைகளில் ஒன்று. அச்சுக் காலத்தில், 1891-இல், இராமச்சந்திர ராயரின் ‘இந்து பாக சாஸ்திரம்’ வந்தது. சாஸ்திரம் என்ற பெயரைப் பார்த்தாலே, அடுப்படிக்காரி கேட்டு எழுதிய புத்தகம் இல்லை என்று தெரிந்துவிடும்.

கேட்டு எழுதிய புத்தகம் வர இன்னும் அறுபது ஆண்டு ஆயிற்று. எஸ். மீனாட்சி அம்மாளின் ‘சமைத்துப் பார்’ முதல் பாகம் 1951-இல் சென்னையில் வெளிவந்தது. இளம் வயதிலேயே கணவரை இழந்த அவர், சமையலில் சந்தேகம் கேட்கும் உறவுப் பெண்களுக்குச் செய்முறை எழுதித் தந்துகொண்டிருந்தார். அவற்றைப் புத்தகமாக்கு என்று தூண்டியவர் அவருடைய மாமா கே. வி. கிருஷ்ணசுவாமி ஐயர். நூல் மூன்று பாகங்களாக விரிந்தது, பிற மொழிகளுக்கும் போயிற்று. 1962-இல் ஆசிரியர் மறைந்த பிறகும் அச்சில் தொடர்ந்தது. தமிழில் ஒரு சமையல் புத்தகத்தின் பெயர் மட்டும் சொல்லுங்கள் என்றால் இன்றும் பாதிப்பேர் இதைத்தான் சொல்வார்கள்.

இந்த நூலின் பிறப்பில் என்னை நிறுத்திய விஷயம் அதன் வாசகிதான். கணவனின் உத்தியோகத்தோடு ஊர் மாறிப்போன பெண், பக்கத்தில் மாமியாரும் இல்லை, அம்மாவும் இல்லை, அடுப்பு மட்டும் இருக்கிறது. அவளுக்காகவே அந்த எழுத்து. ‘மிளகாய் வற்றலைக் காம்பு கிள்ளிக்கொள்’ என்கிற அளவுக்குப் பொறுமையாகச் சொல்லவேண்டிய தேவை அதனால் வந்தது. எங்கள் பக்கத்துக் காட்டு வீடுகளில் 1951-இல் அந்தத் தூரம் ஏது? பெண்ணைக் கொடுத்தால் நாலு கல் தொலைவில் கொடுப்பார்கள். திருவிழாவுக்கும் அறுப்புக்கும் அவள் அம்மாயி வீட்டில்தான் நிற்பாள். அந்த ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்தியப் பெண்களில் எழுத்தறிந்தவர் நூற்றுக்கு ஒன்பது பேர்கூட இல்லை. படிப்பும் இல்லை, பிரிவும் இல்லை. தெரிந்த சமையலுக்குப் புத்தகம் எதற்கு? பின்னால் படிப்பு வந்து, கையில் காசு வந்து, புத்தகம் வாங்கியபோது, தெரியாத பலகாரத்துக்காக வாங்கினார்கள். மைசூர்பாகுப் பக்கத்து நெய்க் கறையின் வரலாறு இதுதான்.

அளவுச் சிக்கலும் ஒன்று இருந்தது. பழைய பதிப்புகளில் அளவெல்லாம் ஆழாக்கும் வீசையும் ரூபாய் எடையும்தான். எட்டு ஆழாக்கு ஒரு படி. நாற்பது பலம் ஒரு வீசை, ஏறக்குறைய 1.4 கிலோ. ரூபாய் எடை என்பது வெள்ளி ரூபாயின் எடை, பதினொன்றரை கிராமுக்குச் சற்று மேல். ஆனால் படி ஊருக்கு ஊர் வேறு. சென்னைக்காரரின் படியும் எங்கள் சந்தைப் படியும் ஒன்றல்ல. கொங்குப் பக்கத்தில் தானியத்தை வள்ளத்தில் அளந்தவர்கள் நாங்கள். 1956-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு, 1958 முதல், மெட்ரிக் எடைகள் படிப்படியாக நடைமுறைக்கு வந்தன. வீட்டில் புத்தகம் பழைய கணக்கில் இருக்க, மளிகைக் கடையில் தராசு புதிய கணக்கில் நின்றது. என்னிடம் உள்ள ஒரு பழைய பிரதியில், முகம் தெரியாத யாரோ பென்சிலால் ஓரமெங்கும் கிராம் கணக்கு எழுதிவைத்திருக்கிறார்கள். இரண்டு இடத்தில் அடித்துத் திருத்தியிருக்கிறார்கள். முதல் தடவை இனிப்பு தூக்கலாகப் போயிருக்க வேண்டும். என் சேகரிப்பில் விலைமதிப்பற்றதாக நான் நினைப்பது அந்தப் பென்சில் எழுத்தைத்தான்.

அமெரிக்காவில் ஃபேனி ஃபார்மர் 1896-இல் எழுதிய பாஸ்டன் சமையல் பள்ளி நூல், கரண்டியும் கோப்பையும் தலைதட்டி அளக்கவேண்டும் என்று வலியுறுத்தி, அந்த நாட்டுச் சமையலறையின் கையையே மாற்றியது என்பார்கள். தமிழில் அப்படி ஒரு மாற்றத்தைக் கொண்டுவந்தது பிரஷர் குக்கரும் அதோடு வந்த டம்ளர் கணக்கும்தான் என்பது என் எண்ணம். ‘ஒரு டம்ளர் அரிசிக்கு மூணு டம்ளர் தண்ணி’ என்ற வாக்கியம் எந்தப் புத்தகத்தையும்விட அதிகம் பேரிடம் போய்ச் சேர்ந்திருக்கிறது.

எண்பதுகளின் கடைசியிலிருந்து நிலைமை வேகமாக மாறியது. மல்லிகா பத்ரிநாத் 1988-இல் நூறு வகைச் சைவக் குழம்புகளுக்கு ஒரு நூல் வெளியிட்டார். பிறகு தமிழிலும் ஆங்கிலத்திலுமாக அவர் எழுதிய மெலிந்த, மலிவான, படம் போட்ட புத்தகங்கள் மணப்பெண் சீர்த்தட்டு வரைக்கும் போயின. தொண்ணூறுகளின் கடைசியில் தொடங்கிய அவள் விகடன், முப்பது வகை என்ற இணைப்பை இதழோடு தந்தது. முப்பது வகை தோசை, முப்பது வகை சட்னி, முப்பது வகை கீரை. கண்ணதாசனின் மகள் ரேவதி சண்முகம் முதல், பெயர் தெரியாத எத்தனையோ இல்லத்தரசிகள் வரை அதில் எழுதினார்கள். தமிழ்ப் பெண்களை ஆயிரக்கணக்கில் எழுத்தாளர்களாக்கிய வடிவம் அது. இலக்கிய வரலாறு எழுதுகிறவர்கள் அதைக் கணக்கில் சேர்க்காதது பெருங்குறை என்று நினைக்கிறேன்.

அந்த இணைப்புகளிலிருந்து எவ்வளவு சமைத்தார்கள்? நான் புரட்டிய கட்டுகளில், முப்பதில் ஒன்றிரண்டுக்குப் பக்கத்தில் ஒரு டிக் இருக்கும். அபூர்வமாக ‘நன்று’ என்றோ ‘புளி குறைக்கவும்’ என்றோ ஒரு சொல். மீதி சுத்தமாக இருக்கும். ஆனாலும் ஒரு இணைப்பையும் எடைக்குப் போட மனம் வராமல் தைத்து வைத்திருக்கிறார்கள். செய்யாத இருபத்தெட்டையும் ஏன் வைத்திருக்கிறீர்கள் என்று சேலத்தில் ஒரு அத்தையைக் கேட்டேன். “என்னைக்காச்சும் செய்வமுல்ல கண்ணு” என்றார். அவருக்கு எழுபது வயது. சர்க்கரை நோய் வந்து பன்னிரண்டு ஆண்டாகிறது. மதியம் வேலை முடிந்ததும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, முப்பது வகை அல்வாவை ஒவ்வொன்றாகப் படிப்பார். படிக்கும்போது உதடு அசையும். பாகு எப்போது இறுகும் என்பது வார்த்தையைப் படித்தவுடன் அந்தக் கைக்குத் தெரிந்துவிடுகிறது. அறுபதாண்டு சமைத்த கை அது. அந்தப் புத்தகம் பயன்படவில்லை என்று யார் சொல்லமுடியும்?

சீர்காழிக்காரரான எஸ். ஆர். ரங்கநாதன் 1931-இல் வகுத்த நூலக விதிகள் ஐந்தில் முதலாவது, நூல்கள் பயன்பாட்டுக்கு உரியவை என்பது. அத்தையின் மதிய வாசிப்பைப் பார்த்த பிறகு, பயன்பாடு என்ற சொல்லை நான் அடுப்போடு மட்டும் முடிச்சுப் போடுவதில்லை. விரதக்காரர், பத்தியக்காரர், பல் போனவர், விடுதியில் தங்கிப் படிக்கும் பிள்ளை எல்லாரும் சமையல் குறிப்பைப் படிக்கிறார்கள். படிப்பதே ஒரு வகைச் சாப்பாடு.

ஆனால் என் கவலை வேறிடத்தில் இருக்கிறது. வாங்கிய புத்தகத்தில் எத்தனை சமைத்தோம் என்பதைவிட, சமைப்பதில் எத்தனை புத்தகத்தில் இருக்கிறது என்பது எனக்குப் பெரிய கேள்வி.

அர்ஜுன் அப்பாதுரை 1988-இல் எழுதிய ஓர் ஆய்வுக் கட்டுரை, நகரத்து நடுத்தர வர்க்கப் பெண்களுக்காக ஆங்கிலத்தில் பெருகிய சமையல் நூல்கள், ‘இந்திய உணவு’ என்ற ஒன்றை எப்படி உருவாக்கின என்று காட்டியது. வட்டாரங்கள் ஒவ்வொன்றும் தமக்கென்று நாலைந்து பெயர்பெற்ற பண்டங்களைக் கொடுத்துவிட்டு அந்த நூல்களுக்குள் நுழைந்தன. தமிழ்நாட்டுக்குள்ளேயும் அதுதான் நடந்தது. செட்டிநாடு பெயர் வாங்கியது. காரைக்குடி ‘பங்களா’ விடுதியின் மீனாட்சி மெய்யப்பன் பங்கேற்ற ‘த பங்களா டேபிள்’ 2014-இல் வந்தபோது, ஒரு வட்டாரத்துச் சாப்பாட்டு மேசை முழுதும் கண்ணியமாக அச்சேறியது. யாழ்ப்பாணத்தாருக்கு நேசா எலியேசர் பதிப்பித்த ஆங்கில நூல் இருக்கிறது. போர் சிதறடித்த சமூகத்துக்கு அப்படி ஒரு நூல் வீட்டுப் பத்திரம் மாதிரி. சேலம், நாமக்கல் சமவெளிக்கு அந்த அளவுக்கு ஆழமான ஒரு புத்தகம் என் அலமாரியில் இல்லை. ‘கொங்குச் சமையல்’ என்று அட்டையில் போட்டவை இருக்கின்றன. உள்ளே பாதிக்குமேல் எந்த ஊருக்கும் பொருந்துகிற குருமாவும் பிரியாணியும்தான்.

பள்ளிபாளையம் சிக்கனையே எடுத்துக்கொள்வோம். நாமக்கல் மாவட்டத்தில், காவிரியின் இந்தக் கரையில் ஈரோட்டைப் பார்த்தபடி இருக்கிற ஊர் பள்ளிபாளையம். அந்தக் கறிக்கு வேண்டியது விதை உதறிய வரமிளகாய், சின்ன வெங்காயம், மஞ்சள், உப்பு, எண்ணெய், தேங்காய்ப் பல். பட்டை, கிராம்பு, மல்லித்தூள் எதுவும் கிடையாது. இத்தனை குறைவான சாமானில் இத்தனை ருசி என்பதே அதன் சிறப்பு. நான் பார்த்த அச்சுக் குறிப்புகள் பலவற்றில் கரம் மசாலாவும் இஞ்சி பூண்டு விழுதும் ஏறிவிட்டன. சாமான் பட்டியல் நீளமாக இருந்தால்தான் குறிப்புக்கு மதிப்பு என்று எழுதுகிறவர் நினைக்கிறார். எங்கள் வட்டாரச் சமையலோ குறைவில் நிற்பது. அரிசியும் பருப்பும் ஒன்றாக வெந்தால் அரிசிம்பருப்புச் சாதம், பச்சைப்பயறு கடைந்தால் குழம்பு, கம்பஞ்சோற்றுக்கு மோரும் சின்ன வெங்காயமும்.

சொற்களும் புத்தகத்தில் ஏறவில்லை. நாங்கள் வெங்காயத்தை வதக்குவதில்லை, வணக்குவோம். மிளகு, சீரகம், மல்லி சேர்ந்த சாமான் எங்களுக்குச் செலவு. பிள்ளை பெற்றவளுக்கு வைக்கிற ரசம் செலவு ரசம். கடையில் போய் ‘கறிச்செலவு குடுங்க’ என்றால் கடைக்காரருக்குத் தெரியும். புத்தகத்தில் அந்தச் சொல்லைப் படித்தால் வெளியூர்க்காரர் காசுக் கணக்கு என்று நினைப்பார். பெருமாள்முருகன் 2000-இல் தொகுத்த ‘கொங்கு வட்டாரச் சொல்லகராதி’ இந்த மாதிரிப் பேச்சுக்கு ஏட்டில் ஓர் இடம் கொடுத்தது. சமையல் நூல்கள் அந்த அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதப்பட்டிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்.

தட்டுவடை செட்டைப் பற்றிக் கவலை இல்லை. இரண்டு தட்டுவடைக்கு நடுவே சிவப்பும் பச்சையுமாகச் சட்னி தடவி, கேரட்டும் பீட்ரூட்டும் துருவி வைத்து, அம்மாபேட்டையிலும் செவ்வாய்ப்பேட்டையிலும் தள்ளுவண்டிக்காரர் நீட்டுவதை யாரும் வீட்டில் செய்து பார்ப்பதில்லை. அது தெருவின் சொத்து, தெரு அதைக் காப்பாற்றும். ஜவ்வரிசிக் கதை வேறு. இரண்டாம் உலகப் போரில் கடல் வழி இறக்குமதி நின்றபோது சேலத்தில் மரவள்ளிக் கிழங்கிலிருந்து ஜவ்வரிசி எடுக்கத் தொடங்கினார்கள். 1981-இல் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் வந்தது, 2023-இல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆனால் அது மூட்டை மூட்டையாகப் போவது மகாராஷ்டிரத்துக்கும் குஜராத்துக்கும் வங்காளத்துக்கும். அங்கே விரத நாளில் கிச்சடியாகவும் வடையாகவும் ஆகிறது. எங்களுக்கு ஜவ்வரிசி என்றால் பாயசமும் வெயிலில் காயும் வடகமும்தான்.

கொல்லிமலையில் இன்னும் மனம் வலிக்கிற ஒன்றைக் கண்டேன். சாமை, தினை, பனிவரகு விளைந்த சரிவுகளில் மரவள்ளி ஏறிவிட்டது. எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கே பல்லாண்டு தங்கி, விதை காத்து, அரைவை இயந்திரம் வைத்து, சிறுதானியப் பண்டங்கள் செய்யப் பெண்களுக்குப் பயிற்சியும் கொடுத்தது. 2023 உலகச் சிறுதானிய ஆண்டு. அதையொட்டி வந்த சிறுதானியச் சமையல் புத்தகங்கள் மட்டும் என்னிடம் ஒரு தட்டு நிறைய இருக்கின்றன. தினைப் பிரௌனி, சாமைப் பீட்சா. மலையில் ஒரு பாட்டி தொன்னையில் வைத்துக் கொடுத்த சாமைச் சோறும் அவரைக் குழம்பும் அந்தத் தட்டில் எந்தப் புத்தகத்திலும் இல்லை.

எங்கள் சமவெளியில் சமையலை எழுதும் வழக்கமே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. எழுத்து வேறு இடத்தில் இருக்கிறது. கல்யாணத்துக்குச் சமையல்காரரைப் பேசும்போது, ஐந்நூறு பேர், மூன்று வேளை என்று சொன்னால், அவர் சொல்லச் சொல்ல நாம் எழுதவேண்டும். துவரம்பருப்பு இவ்வளவு, நல்லெண்ணெய் இவ்வளவு, ஏலக்காய் இவ்வளவு. அந்த மளிகை லிஸ்ட்தான் எங்கள் ஊர்ப் பாகசாஸ்திரம். அதில் செய்முறை ஒரு வரிகூட இருக்காது, செய்முறை அவர் கையில் இருக்கிறது. ஆனால் லிஸ்டை வாசித்தாலே விருந்து தெரியும். ஒப்புட்டா, அதிரசமா, எத்தனை பொரியல், வீட்டுக்காரர் கை தாராளமா என்பது வரைக்கும் தெரியும். கல்யாணம் முடிந்ததும் அந்தத் தாளை எறிந்துவிடுகிறோம். எனக்குக் கிடைத்த சிலவற்றை மொய் நோட்டுக்குள் இருந்து மீட்டேன்.

எழுதியதிலிருந்து நாள்தோறும் சமைப்பதைப் பார்க்கவேண்டுமானால் பள்ளிக்கூடச் சத்துணவுக் கூடத்துக்குப் போகவேண்டும். 1982 ஜூலை 1-இல் தொடங்கிய திட்டத்தில், தொடக்கப் பள்ளிக் குழந்தைக்கு நாளுக்கு 100 கிராம் அரிசி என்று கணக்கு. 2013-க்குப் பிறகு கலவைச் சாதங்களும், முட்டையில் மிளகும் மசாலாவுமாக வகைகளும் வந்தன. அந்த முட்டைக்குப் பேர்போன ஊர் நாமக்கல். 2023 ஆகஸ்ட் 25 முதல் காலை உணவும் மாநிலம் முழுக்க வந்துவிட்டது. திங்கள் முதல் வெள்ளி வரை என்ன என்று சுவரில் எழுதியிருக்கிறது. தமிழ்நாட்டில் எழுத்துப் பிசகாமல் அதிகம் சமைக்கப்படும் குறிப்பு அந்தச் சுவர்ப் பட்டியல்தான். அதை எந்தச் சேகரிப்பாளரும் சேகரிப்பதில்லை.

இப்போது கைபேசி வந்துவிட்டது. புதுக்கோட்டைப் பக்கத்து வயலில் பெரியவர் ஒருவரும் பேரப்பிள்ளைகளும் சமைக்கிற வில்லேஜ் குக்கிங் சேனல், 2021-இல் ஒரு கோடிப் பேரைச் சேர்த்த முதல் தமிழ் யூடியூப் தளமாயிற்று. பார்க்கிறவர்களில் யாரும் அண்டா நிறையச் சமைக்கப் போவதில்லை. அத்தை அல்வாவைப் படித்ததுபோல்தான் அவர்களும் பார்க்கிறார்கள். ஆனால் தெரியாத பண்டத்துக்கு இனிப் புத்தகம் வேண்டியதில்லை. மைசூர்பாகு இறுகும் கணத்தை மீனாட்சி அம்மாள் எழுத்தில் காட்டியதைவிட நன்றாகக் காணொளியில் பார்த்துக்கொள்ளலாம். சமையல் புத்தகத்துக்கு இதுவரை இருந்த வேலை போயிற்று. அதற்கு இன்னொரு வேலை இருக்கிறது. 1951-இல் ‘சமைத்துப் பார்’ வாசகிக்கு இருந்த தூரம் இன்று எங்கள் பிள்ளைகளுக்கு இருக்கிறது. பெங்களூரிலும் டல்லஸிலும் இருந்துகொண்டு, ‘அம்மா, அரிசிம்பருப்புக்கு எத்தனை பல் பூண்டு?’ என்று இராத்திரியில் கேட்கிறார்கள். அம்மா எடுக்கிற வரைக்கும் கேட்கலாம்.

அதனால் போன ஆண்டு ஆடி முதல் தேதியிலிருந்து நானே ஒரு நோட்டு போட்டு எழுதத் தொடங்கினேன். அன்றைக்கு எங்கள் பக்கத்தில் தேங்காய் சுடுவோம். தேங்காயை நார் போக வழவழப்பாகத் தேய்த்து, கண்ணைத் திறந்து, தண்ணீரைக் கொஞ்சம் விட்டு மீதியை வடித்து, அவல், பொட்டுக்கடலை, பாசிப்பருப்பு, எள், வெல்லம் எல்லாம் உள்ளே திணித்து, அழிஞ்சில் குச்சியைச் செருகி, தெருவில் மூட்டிய தீயில் வாட்டுவது. புதுமாப்பிள்ளை வந்திருக்கும் வீடுகளில் அன்றைக்குத் தனிக் களை. ஓடு வெடித்து, உள்ளே பூரணம் வெந்து, தேங்காயோடு ஒட்டி வரும் வாசனைக்கு நிகராக ஒன்றை நான் சாப்பிட்டதில்லை.

அளவு எழுதலாம் என்று அம்மாவிடம் கேட்டேன். பாசிப்பருப்பு எவ்வளவு, வெல்லம் எவ்வளவு? அம்மா அவலை விரலால் உள்ளே தள்ளிக்கொண்டே, “காய்க்குள்ள புடிக்கிற அளவுதான்” என்றார். வெல்லம் இளகி ஊறக் கொஞ்சம் இடம் விடவேண்டும் என்றும், தண்ணீரை முழுக்க வடித்தால் பருப்பு வேகாது என்றும் பிறகு சொன்னார். அதை அப்படியே எழுதிக்கொண்டேன். இந்த ஆடிக்குச் சமையலறைத் தராசை எடுத்துப்போய், அவர் திணிப்பதற்கு முன்னும் பின்னும் காயை நிறுத்துப் பார்க்கப்போகிறேன். நோட்டில் அந்தப் பக்கத்தின் ஓரத்தில் இரண்டு விரற்கடை காலியாக விட்டிருக்கிறேன், பின்னால் வருகிறவர்கள் பென்சிலால் திருத்த.